அகப்பை பிடித்த கை

கன்ரோகு தன் நாற்பத்தெட்டு வருட வாழ்க்கையில் ஷினகாவாவைத் தாண்டிப் போனதில்லை. ஷினகாவாவுக்கும் ஒரே தடவைதான், ஒரு கல்யாணத்துக்கு. ஆனால் எடோவிலிருந்து கியோத்தோவுக்குப் போகிற பெருஞ்சாலையில் அவர் கைபடாத சத்திரம் கிடையாது. கடை வாசல்களில் தொங்கும் வழிப்பயணப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். மழையில் குனிந்து ஓடும் சுமைகூலி, பனியில் புதைந்த கூரை, பாலத்தில் குடையைச் சாய்த்துப் பிடித்துப் போகும் கிழவர். இவர்களில் பாதிப் பேரை மரத்தில் வெட்டியது அவர்தான். கண்டாவில் கெம்பெய் மேஸ்திரியின் பட்டறையில், ஜன்னலிலிருந்து இரண்டாவது இடத்தில், முழங்காலை மடக்கிப் போட்டபடி முப்பத்தேழு வருடம்.

பட்டறையில் அவருக்கு மழை கன்ரோகு என்று பெயர். மழைக் கோடு வெட்டுவது எல்லாருக்கும் வராது. முடி அளவுக்கு மெல்லிய கோடுகள், சாய்வாக, நூற்றுக்கணக்கில், ஒன்றுகூட உடையாமல் மரத்தில் நிற்க வேண்டும். முகம் வெட்டுகிறவர்களுக்குத்தான் பட்டறையில் மரியாதை. அவர்கள் ஜன்னலோரம் உட்காருவார்கள். கன்ரோகு உடை, மரம், மலை, எழுத்து, மழை வெட்டுகிறவர். “மூஞ்சி வெட்டுறவன் மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுத் திரியுறான். நான் நனைஞ்சுக்கிட்டுத் திரியுறேன்” என்பார்.

அவர் வேலை நடக்கும் விதத்தைச் சொல்லாவிட்டால் அவர் கதை விளங்காது. ஓவியர் மெல்லிய தாளில் மையால் கோடு போட்டுத் தருவார். மேஸ்திரி அதைச் செர்ரிப் பலகையில் குப்புற ஒட்டி, தாளின் முதுகுப் பக்கத்து நார்களை விரலால் தேய்த்தெடுப்பார். கோடுகள் தெரியவரும், இடம் வலம் மாறி. அந்தத் தாளோடு சேர்த்துத்தான் மரத்தை வெட்டுவார்கள். வெட்டி முடியும்போது ஓவியர் போட்ட படம் என்று ஒன்று உலகத்தில் இருக்காது. பலகைதான் இருக்கும்.

அதனால் அந்தப் பட்டறையில் இடது என்றால் பலகைக்கு இடது. “இடது ஓரத்துப் பைன் மரத்தைக் கவனி” என்று மேஸ்திரி சொன்னால், தாள் வாங்குகிறவருக்கு அது வலது ஓரம். அதைப் பற்றி அங்கே யாருக்கும் கவலையில்லை. அச்சடிப்பவர்களின் பட்டறை ஆற்றுக்கு அந்தப் பக்கம். பலகையில் இருக்கும் வீரர்களுக்கெல்லாம் வாள் வலது இடுப்பில். பலகையில் இருக்கும் எல்லாரும் வலது மடிப்பை மேலே போட்டுத்தான் உடுத்தியிருப்பார்கள், நம் ஊரில் பிணத்துக்கு உடுத்துவது போல. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு மாதம் அது உறுத்தும். பிறகு கண் அதைப் பார்ப்பதை விட்டுவிடும்.

நான் கன்ரோகுவுக்கு அடுத்த வீடு. எங்கள் வரிசை வீடுகளில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஒரு பலகைச் சுவர்தான். தீ, வெள்ளம், பழிக்குப் பழி, எட்டுக்கால் கன்றுக்குட்டி என்று எது நடந்தாலும் ஒரே நாளில் எழுதி, வெட்டி, அச்சடித்து, பாலத்தடியில் கூவி விற்பது என் பிழைப்பு. அவசர வெட்டு வேலைக்குக் கன்ரோகுவிடம்தான் ஓடுவேன்.

கன்ரோகுவுக்கும் நுயிக்கும் ஒரே பெண், ஷிகே. இடதுகைக்காரி. சாப்பிட உட்கார்ந்தால் நுயி அவளுடைய இடது கையை இடுப்புக் கச்சையோடு ஒரு துணியால் கட்டிவிடுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

“எந்தக் கை அது?”

“மறந்துட்டேம்மா.”

“கை மறக்குமா? நாளைக்கு மாமியார் வீட்டுல இந்தக் கையால குச்சியை எடுத்தா, திட்டு உனக்கில்லடி, எனக்கு.”

“அப்ப நீயே அந்த வீட்டுல போய்ச் சாப்பிடு.”

கன்ரோகு சிரிப்பார். அடுத்த திட்டு அவருக்கு விழும். மறுநாளும் இதே பேச்சு. பதின்மூன்று வயதுவரை ஷிகே கையை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்த வருடம் வசந்தத்தில் நாடே இசே கோயிலுக்குக் கிளம்பியது. அப்பா அம்மாவிடம் சொல்லாமல் பிள்ளைகள், முதலாளியிடம் சொல்லாமல் வேலைக்காரர்கள். கையில் ஒரு மர அகப்பை போதும். வழியில் நீட்டினால் சோறு விழும், செருப்பு கிடைக்கும், படுக்க இடம் கிடைக்கும். கோயில் சீட்டோடு திரும்பி வந்தவரை யாரும் திட்டக்கூடாது என்பது வழக்கம். நானும் அதைப் பற்றி ஒரு தாள் எழுதினேன். அதன் கடைசி வரி: ‘இதுவரை கிளம்பிய பிள்ளைகளில் ஒன்றுகூட வழி தவறியதில்லை.’ யாரிடமும் விசாரித்து எழுதியதல்ல. தாளின் அடியில் ஒரு வரிக்கு இடம் இருந்தது.

கன்ரோகு அதை ஒரு மதியத்தில் வெட்டினார். ஷிகே அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், பக்கத்தில் உட்கார்ந்து பலகையிலிருந்தே அதைப் படித்தாள். செதுக்குபவர் மகளுக்குத் திரும்பிக் கிடக்கும் எழுத்து ஒரு பொருட்டல்ல. “ஒண்ணுகூடவா?” என்று என்னைக் கேட்டாள். “ஒண்ணுகூட இல்ல” என்றேன். எனக்கு அச்சுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அவர்கள் வீட்டுத் தண்ணீர்ச் சாடியில் அகப்பை இல்லை. தொட்டி செய்பவர் வீட்டுப் பெண் தகியையும் காணவில்லை.

“போறதுதான் போறா, இருக்கிற ஒரே அகப்பையைத் தூக்கிட்டுப் போயிட்டா பாரு கழுதை. இப்ப தண்ணியை எதால மொள்ளுறது?” என்று நுயி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். திட்டுவது போல இருந்தாலும் அது பெருமைதான். கன்ரோகு பட்டறையில் எல்லாருக்கும் ஒரு கிண்ணம் சாக்கே மது வாங்கிக் கொடுத்தார். அப்பன் வெட்டுகிற சாலையில் மகள் நடக்கிறாள் என்று அவரைக் கேலி செய்தார்கள்.

நுயி தட்டு வைக்கத் தொடங்கினாள். ஊருக்குப் போனவர் பசியோடு இருக்கக்கூடாது என்று அவருக்கும் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு வைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. சோறு, மிசோ சாறு, முள்ளங்கி ஊறுகாய், கிடைத்தால் ஒரு மத்தி. சோற்றுக் கிண்ணத்தை மூடியால் மூடி வைத்து, பிறகு எடுத்துப் பார்ப்பார்கள். மூடியின் உள்பக்கம் வேர்த்திருந்தால் போனவர் நலம். தினமும் வேர்த்திருந்தது.

ஆறாம் மாதம் தகி தனியாகத் திரும்பி வந்தாள். வெயிலில் கறுத்து, கோயில் சீட்டை நெஞ்சில் செருகிக்கொண்டு, “ஷிகே எங்க?” என்று கேட்டபடியே எங்கள் சந்துக்குள் நுழைந்தாள்.

நுயி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். “உன்கூடத்தானடி வந்தா!”

“ஓயி ஆறு வரைக்கும் கூடத்தான் வந்தா, அத்தை. தண்ணி ஏறிடுச்சு. ஆறு நாள் கரையில கெடந்தோம். தண்ணி வடிஞ்சு கடக்க விட்டதும் ஒரே தள்ளு. பாலம் கிடையாது, கூலியாளுங்க யார் யாரையோ தோள்ல தூக்கிட்டுப் போனாங்க. அக்கரைக்குப் போய்ப் பாத்தா அவளைக் காணோம். முன்னாடி போயிட்டான்னு நெனச்சேன். இசேயிலயும் காணோம். வீட்டுக்கு வந்திருப்பான்னு…”

அதன் பிறகு ஒரு சேதியும் வரவில்லை. கன்ரோகு பெருஞ்சாலையில் போகும் தபால் ஓட்டக்காரர்களைப் பிடித்துக் கேட்டார். மீன் வண்டிக்காரர்களைக் கேட்டார். பாலத்தடியில் அடையாளம் எழுதித் தொங்கவிட்டார்: பதின்மூன்று வயது, இடதுகைக்காரி. அதை வெட்டி அச்சடிக்க நான் கேட்டபோது, “வேணாம், கையால எழுதுறேன்” என்றார். என் தாளைப் பற்றி அவர் அன்றும் எதுவும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பதினொன்றாம் மாதத்தில் ஒருநாள் மூடி உலர்ந்திருந்தது. சோறு ஆறிப்போயிருந்ததால் அப்படி என்று நான் சொன்னேன். நுயி கேட்கவில்லை. இன்னும் ஒரு வருடம் தட்டு வைத்தாள், ஆனால் மூடியைத் திறந்து பார்ப்பதை விட்டுவிட்டாள். பிறகு தட்டையும் நிறுத்தினாள். மடத்துக்குப் போய், பெண்ணுக்கு நினைவுப் பலகை எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டாள்.

“சாமி தேதி கேக்குறாரு” என்றாள் வீட்டுக்கு வந்து. “செத்த தேதி இல்லாம எழுத முடியாதாம். வீட்டை விட்டுப் போன தேதியைக் குடுத்தாலும் போதும்னாரு.”

“தரமாட்டேன்” என்றார் கன்ரோகு.

“எத்தனை நாளைக்கு அவளை அப்படி ஆத்தங்கரையிலயே நிக்க வெக்கப் போற, மனுஷா? ஒரு ஊதுவத்தி கிடையாது, ஒரு வாய்த் தண்ணி கிடையாது. செத்தவளாவும் இல்லாம இருக்கிறவளாவும் இல்லாம.”

“தேதி தெரியாத சாவு சாவே இல்ல.”

குளிர்காலம் முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் இதுதான் பேச்சு.

வசந்தத்தில் கெம்பெய் மேஸ்திரியின் பட்டறைக்கு ஒரு புதுப் பலகை வந்தது. பெருஞ்சாலைப் படங்கள் அப்போது நன்றாக விற்ற காலம். தோகன் என்ற ஓவியர் முந்தைய இலையுதிர் காலத்தில் கியோத்தோ வரை போய்வந்து ஒரு வரிசை போட்டிருந்தார். மேஸ்திரி தாளை ஒட்டி, தேய்த்து, பலகையைக் கன்ரோகுவின் முன்னால் வைத்தார். “ஓயி ஆறு. மூஞ்சியெல்லாம் எள்ளத்தனைதான், நீயே வெட்டிடு.”

அன்று மாலை குளியல் கூடத்தில் கன்ரோகு என் பக்கத்தில் வந்து தொட்டியில் இறங்கினார். கழுத்துவரை வெந்நீர். சுற்றிலும் பத்துப் பேர் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“சன்ஜி, ஒரு விஷயம் விசாரிச்சுத் தரணும்.”

“விசாரிக்கிறதா? நானா? என் தாளைப் படிச்சதில்லையா அண்ணே நீங்க?”

அவர் சிரிக்கவில்லை. “ஷிகே படத்துல இருக்கா.”

ஆற்றங்கரைக் கூட்டம், ஒரு பிரபுவின் பல்லக்கு, தோளில் ஆள் சுமக்கும் கூலிகள். இவர்களை விட்டு விலகி, தண்ணீரோரம் ஒரு பெண் தனியாக நிற்கிறாள், மொச்சைக்கொட்டை அளவுக்கு. கச்சையின் நுனி தொங்குகிறது. கையில் அகப்பை.

“அகப்பை யார்தான் வெச்சிருக்கல?” என்றேன்.

“இடது கையில வெச்சிருக்கா.”

யாத்திரைக்காரர்கள் ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன், இடது கையால் அகப்பை நீட்டிய ஒருவரையும் பார்த்ததில்லை. நம் ஊரில் குழந்தையிலேயே கட்டிக் கட்டி மாற்றிவிடுவார்கள். மாறாத பெண் ஒருத்திதான் எனக்குத் தெரியும்.

“நெசப் பொண்ணா, இல்ல ஓவியர் சும்மா போட்டதா? அதைத்தான் நீ கேக்கணும். எனக்கு வாய் வராது” என்றார். “மேஸ்திரிக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா பலகையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாரு.”

மறுநாள் மத்தியானம் நானும் அவரும் தோகனைப் பார்க்கப் போனோம். ஒரு தேயிலைக் கடையின் மாடியில் இருந்தார். விசிறி ஒன்றில் கத்தரிப்பூ போட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை.

“ஓயி ஆத்துப் படம் பத்தி ஒரு சந்தேகம், வாத்தியாரே” என்றேன். “தண்ணியோரமா ஒரு பொண்ணு, அகப்பையோட.”

“ஆமா, நின்னுச்சு. ஒன்பதாம் மாசம். தண்ணி ஏறி மூணு நாள் காத்துக்கெடந்தோம். கரையே சந்தைக்கடை மாதிரி. அது ஒண்ணுதான் வாயைத் திறக்காம ஆத்தையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. நல்லா இருந்துச்சு, போட்டேன்.”

“நெசமாவே பாத்தீங்களா, இல்ல மூலை காலியா இருக்கேன்னு…”

அவர் தூரிகையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “யோவ், என்னை உன்னை மாதிரி நெனச்சியா? இடம் காலியா இருந்தா எதையாவது அள்ளிப் போடுறதுக்கு? அது எப்படி நின்னுச்சோ அப்படியே போட்டிருக்கேன். மயிரிழைகூட மாத்தல.”

கன்ரோகு நெற்றி பாயில் படக் குனிந்தார். நிமிரவே இல்லை. “என்னய்யா ஆச்சு இவருக்கு?” என்று தோகன் பயந்துபோய் என்னைக் கேட்டார். பேர் கேட்டீர்களா என்றேன். “ஆத்தங்கரையில நிக்கிறதுகிட்ட எல்லாம் பேர் கேட்டுக்கிட்டு இருந்தா படம் எப்பப் போடறது?” வழியில் எடுத்த குறிப்புகள் இருக்கின்றனவா என்றேன். படம் முடிந்ததும் அடுப்புக்குப் போய்விட்டன என்றார்.

எந்தக் கை என்று நாங்கள் கேட்கவில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்பது?

நுயியிடம் அவர் அன்றே சொன்னார். நானும் கூட இருந்தேன். ‘மயிரிழைகூட மாத்தல’ என்பதைச் சொன்னது நான்தான்.

“கை மட்டும்தானா?” என்றாள் நுயி.

“நிக்கிற நிப்பும்தான். ஒரு கால்ல பாரத்தைப் போட்டு நிப்பாளே, அந்த மாதிரி.”

“அவ போய் அப்ப ஒன்றரை வருஷம் ஆச்சு. ஒன்றரை வருஷமா அந்த ஆத்தங்கரையில என்ன பண்ணிக்கிட்டு இருந்தா?”

மறுநாள் காலையில் நுயி தட்டு வைத்தாள். சற்று நேரம் கழித்து மூடியைத் தூக்கி, வாசலுக்கு எடுத்துவந்து, வெளிச்சத்தில் எனக்குக் காட்டினாள். உள்பக்கம் முழுக்க நீர்முத்து. மூடியைச் சாய்த்ததில் ஒன்று உருண்டு கீழே விழுந்தது.

கன்ரோகு ஓயி ஆற்றுக்குப் போவதென்று முடிவாயிற்று. பலகை முடிந்த மறுநாள் கிளம்புவது. தெருத் தலைவரிடம் வழிச்சீட்டு வாங்கியாயிற்று. நுயி அவருக்குக் காலுறை தைத்தாள். வைக்கோல் செருப்பு பத்து ஜோடி சுவரில் தொங்கியது. முப்பத்தேழு வருடம் மடங்கிக் கிடந்த கால் அது. தினமும் மாலையில் நிஹோன் பாலத்தில் ஏறி இறங்கிப் பழகினார். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? “மழை நின்னுடுச்சா கன்ரோகு, வெளிய கிளம்பிட்டே?” என்று கத்துவார்கள். அவரும் கையை ஆட்டுவார். அந்தப் பதினைந்து நாளில் அவர் வாலிபனைப் போல இருந்தார்.

அந்தப் பெண்ணைக் கடைசியாக வெட்டினார். முகம் வெட்டுகிறவரிடம் மெல்லிய கத்தியை இரவல் வாங்கி, ஓவியர் இரண்டு புள்ளி வைத்திருந்த இடத்தில், அந்தப் புள்ளிகளுக்குள்ளேயே கண்ணும் மூக்கும் வரும்படி ஒரு முழு நாள் வெட்டினார். மேஸ்திரி பின்னால் வந்து நின்றார்.

“இது என்ன கூத்து? எள்ளுக்குள்ள மூஞ்சியா? இதை எவன் பாக்கப் போறான்?”

“பாக்கிறவங்க பாப்பாங்க, மேஸ்திரி.”

“பாத்தா எனக்கும் சொல்லு. கண்ணாடி வாங்கிக்கிறேன்.”

நான்காம் மாதம் ஒன்பதாம் தேதி பலகை முடிந்தது. நிறப் பலகைகள் வெட்டுவதற்காகக் கறுப்புக் கோட்டில் பத்து இருபது தாள் பட்டறையிலேயே தேய்த்தெடுப்பார்கள். அதில் ஒரு மூலை மங்கிப்போன தாளை மேஸ்திரி தூக்கிப் போட இருந்தார். கன்ரோகு கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் அதைப் பார்க்காமல் கொண்டுவரவில்லை. பார்த்தார், முகத்தைத்தான் பார்த்தார். முகம் நன்றாக விழுந்திருந்தது.

வீட்டில் தட்டு வைத்திருந்தது. வழிப்பை கட்டித் தயாராக இருந்தது. விடியலில் பயணம். நுயி என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். கன்ரோகு தாளை நெஞ்சிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். இன்னும் வெளிச்சம் இருந்தது. அவள் வாசலுக்குப் போய், கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். கூட்டத்தில் விரலை ஓட்டித் தேடினாள். விரல் தண்ணீரோரம் வந்து நின்றது.

“எந்தக் கை இது?” என்றாள்.

“இடது…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

சந்தில் யாரோ தோஃபு கூவி விற்றுக்கொண்டு போனார்கள். கன்ரோகு எழுந்து போய் அவளிடமிருந்து தாளை வாங்கினார். பார்த்தார். பிறகு அதைத் திருப்பி, முதுகுப் பக்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். தாள் மெல்லியது, கோடுகள் அந்தப் பக்கமும் தெரிந்தன. அங்கே அவள் இடது கையில் அகப்பையோடு நின்றாள். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

“முன்பக்கம்தானே பாக்கணும்?” என்றாள் நுயி. குரலில் கோபம் இல்லை. “முப்பத்தேழு வருஷம்.”

“கழுத்து மடிப்பைக்கூட நான் மாத்தித்தான் பாத்தேன்” என்றார் அவர். “வாளை மாத்திப் பாத்தேன். எழுத்தை மாத்திப் படிச்சேன். கையை மட்டும்…”

எனக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. “ஓவியர் தப்பாப் போட்டிருக்கலாம்ல?”

“மயிரிழைகூட மாத்தலன்னு நீதானே தம்பி வந்து சொன்ன.”

“சரிக்கா, அவளேகூட மாத்தியிருக்கலாம். நீங்கதான் அத்தனை வருஷம் கட்டிக் கட்டிப் பழக்குனீங்களே. போற வழியில நாலு பேர் சிரிச்சு, அவளே மாத்திக்கிட்டு…”

நுயி என்னை நிமிர்ந்து பார்த்தாள். “என் கண்ணு முன்னாடி, அடிக்குக்கூட மாத்திக்காதவ. கண்ணு காணாத இடத்துலயா மாத்திக்குவா?”

தட்டின் அருகே போனாள். மூடியைத் தூக்கிப் பார்க்கவில்லை. கிண்ணத்தை மூடியோடு எடுத்துப்போய்ச் சோற்றைப் பானையில் கொட்டினாள். “அந்தப் பொண்ணுக்கும் ஏதோ ஒரு வீட்டுல தட்டு வெச்சிருப்பாங்க” என்றாள், பானையைப் பார்த்தபடி.

விடியலில் கன்ரோகு கிளம்பவில்லை. நான் கேட்டேன். “போய் யாரைத் தேடறது? யார் வீட்டுப் பொண்ணையோவா?” என்றார். வழக்கமான நேரத்துக்குப் பட்டறைக்குப் போனார். செருப்புகளை நுயி தபால் ஓட்டக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டாள்.

வேலை அதோடு முடியவில்லை. அந்தப் படத்துக்கு ஏழு நிறம். அந்தக் கறுப்புக் கோட்டுத் தாள்களை மறுபடி குப்புற ஒட்டித்தான் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை வெட்ட வேண்டும். ஆற்று நீலத்துக்கு ஒன்று, கரை மணலுக்கு ஒன்று, அவள் கச்சைச் சிவப்புக்கு ஒன்று. ஒட்டியதும் ஒவ்வொன்றிலும் அவள் மறுபடி இடதுகைக்காரி ஆனாள். ஏழு தடவை. கன்ரோகு ஏழையும் வெட்டினார். மேஸ்திரி வேறு ஆளைப் போடட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றார்.

படம் கோடையில் கடைக்கு வந்தது. அந்த வரிசையிலேயே அதுதான் அதிகம் விற்றது. தனியாக நிற்கும் அந்தப் பெண்ணுக்காகவே வாங்கினார்கள். எங்கள் தெருக் குளியல் கூடத்திலும் ஒன்று ஒட்டியிருந்தது. கன்ரோகு வேறு குளியல் கூடத்துக்குப் போக ஆரம்பித்தார்.

நுயி மறுபடி தேதி கேட்டாள். இந்தத் தடவை அவர் ‘தரமாட்டேன்’ என்று சொல்லவில்லை.

எட்டாம் மாதம் ஃபுகாகவாவில் தீப்பிடித்தது. அந்தத் தாளை வெட்டக் கொடுக்க நான் பட்டறைக்கு ஓடினேன். கன்ரோகு மட்டும்தான் இருந்தார். மற்றவர்கள் தீயை வேடிக்கை பார்க்கப் போயிருந்தார்கள். ஓயி ஆற்றின் கோட்டுப் பலகை அச்சடிப்பவர்களிடமிருந்து பழுது பார்க்க வந்திருந்தது. அதிகம் அச்சடித்ததில் மழுங்கியிருந்தது. அவர் என் தாளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, “இங்க வா” என்றார்.

பலகை மையில் கறுத்து ஊறிப்போயிருந்தது. அவர் கத்தி முனையால் தொடாமல் காட்டினார்.

“இவ இடதுகைக்காரி. தாள்ல இருக்கிறவ யாரோ. இவ ஷிகேதான். சரியா?”

“சரிண்ணே.”

“கழுத்தைப் பாரு.”

குனிந்து பார்த்தேன். மொச்சைக்கொட்டை அளவுப் பெண். அவர் வெட்டிய கண்ணும் மூக்கும் தேய்ந்துவிட்டிருந்தன. மேலாடையின் வலது மடிப்பு மேலே இருந்தது, பிணத்துக்கு உடுத்துவது போல.

“பலகையில எல்லாரும் அப்படித்தானேண்ணே” என்றேன்.

“ஆமா. எல்லாரும் அப்படித்தான்.” கத்தியைத் துடைத்து உறையில் போட்டார். “தீத் தாளு எத்தனை மணிக்கு வேணும்?”

அன்று என் தாளில் எண்ணிக்கை எதுவும் எழுதவில்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதினேன். அது அவ்வளவாக விற்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர்கள் இருவரும் மடத்துக்குப் போனார்கள். சாட்சிக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். சாமி மைக்கல்லில் தண்ணீர் ஊற்றித் தேய்த்தபடி தேதி கேட்டார். கன்ரோகு நுயியைப் பார்த்தார்.

“நாலாம் மாசம், ஒன்பதாம் தேதி” என்றாள் நுயி.

“ரெண்டு வருஷம் முந்தியா? வீட்டை விட்டுப் போன அன்னிக்கா?”

“இல்ல சாமி. இந்த வருஷம். அதுவரைக்கும் இருந்தா.”

சாமி அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு தூரிகையை நனைத்து எழுதிக்கொண்டார். “அன்னிக்கு என்னம்மா ஆச்சு?”

“தாள் வந்துச்சு” என்றாள்.